தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்கிறீர்களா? கையெழுத்துக்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

தெரிந்தவர் ஒருவர் கூப்பிடுவார். "நல்ல காரியம் செய்கிறார்கள், நீங்களும் குழுவில் இருந்தால் பலமாக இருக்கும்" என்பார். மறுக்க மனம் வராது. இப்படிப்பட்ட குழுவில் இருக்கும் அறங்காவலர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் உள்ளே வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

மூன்றாவது கூட்டத்தன்று அலமாரியில் ஒரு காசோலைப் புத்தகம் கண்ணில் பட்டது. பத்துப் பன்னிரண்டு தாள்களில் பெயரும் இல்லை, தொகையும் இல்லை. பொருளாளரின் கையெழுத்து மட்டும் இருந்தது. அவர் அடிக்கடி வெளியூர் போகிறவர். வேலை தடைபடக் கூடாது என்று முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். அதில் யாரும் ஒரு காசு எடுக்கவில்லை. அவரும் நேர்மையானவர், இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவரும் நேர்மையானவர். ஆனால் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும் என்று எதற்காக விதி வைத்தார்களோ, அது அந்த அலமாரிக்குள் செத்துக் கிடந்தது. அந்த வருடத் தணிக்கை அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருக்கவும் முடியாது, தணிக்கையாளர் பார்த்தது எழுதி முடித்த காசோலைகளின் கணக்கை.

ஒழுங்குமுறை ஆணையம், வரித் துறை, தணிக்கையாளர் எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை காகிதத்தைப் பார்ப்பார்கள். அலமாரியைத் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள். அந்த இடத்தில் உட்காரும் புதியவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சம்மதம் சொல்வதற்கு முன்

முதலில் அந்த அமைப்பு யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கு 1853-லேயே சட்டம் போட்டுத் தொண்டு ஆணையம் அமைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் தனி ஆணையம் 2012-ல்தான் வந்தது. சிங்கப்பூரில் தொண்டு நிறுவனங்களுக்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார். அமெரிக்காவில் மத்திய அளவில் வருமான வரித் துறைதான் முக்கியக் கண்காணிப்பாளர். இந்தியாவில் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது: அறக்கட்டளையா, சங்கமா, கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் வரும் லாப நோக்கமற்ற நிறுவனமா என்பதைப் பொறுத்துப் பதிவு செய்யும் இடம் மாறும். வரிச் சலுகையை வருமான வரித் துறை பார்க்கும், வெளிநாட்டு நன்கொடையை உள்துறை அமைச்சகம் பார்க்கும்.

பொதுப் பதிவேடு இருக்கும் நாடு என்றால் அதில் அமைப்பின் பெயரைத் தேடுங்கள். ஆண்டறிக்கை எந்தத் தேதியில் வர வேண்டும், எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஏதோ ஒரு வருடம் மட்டும் தாமதம் என்றால் காரணம் கேட்கலாம். தொடர்ந்து தாமதம் என்றால் உள்ளே கணக்கு எழுதுவதிலேயே சிக்கல் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் தொடர்ந்து 3 ஆண்டுகள் வருமான வரித் துறைக்கு ஆண்டுப் படிவம் தாக்கல் செய்யாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். 2011-ல் முதல்முறையாக இப்படி ரத்தானவற்றின் பட்டியலை வெளியிட்டபோது அதில் சுமார் 2,75,000 அமைப்புகள் இருந்தன. அவற்றில் பல ஏற்கனவே இயங்காமல் போனவைதான். ஆனாலும் படிவம் போடுவதை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

அப்புறம் நான்கு காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். அமைப்பைத் தோற்றுவித்த ஆவணம், கடைசி மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, கடந்த ஒரு வருடத்தின் கூட்டக் குறிப்புகள், இப்போதைய குழு உறுப்பினர்களின் பட்டியல். பட்டியலில் யார் யாருக்கு உறவு என்றும் கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டுவிடுங்கள். கணவர் தலைவர், மனைவி பொருளாளர், மைத்துனர் செயலாளர் என்று இருந்தால் அது பல நாடுகளில் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அந்த மேஜையில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

காகிதம் தரத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

நோக்கம் பற்றிய பத்தியை மூன்று முறை படியுங்கள்

தோற்றுவித்த ஆவணத்தில் நோக்கம் என்ன என்று ஒரு பத்தி இருக்கும். யாருக்காக, எந்தப் பகுதியில், எந்த உதவிக்காக என்று அதில் சொல்லியிருக்கும். அதற்கு வெளியே செய்கிற செலவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விதிமீறல்தான். படிப்புக்கு உதவ என்று தொடங்கிய அமைப்பு வெள்ள நிவாரணத்துக்குப் பணம் கொடுக்கலாமா? ஆவணம் இடம் கொடுத்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் முதலில் ஆவணத்தை முறைப்படி திருத்த வேண்டும், அல்லது அந்தப் பணியைச் செய்யும் வேறோர் அமைப்பைக் கைகாட்ட வேண்டும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கடந்த மாதச் செலவுப் பட்டியலிலிருந்து ஏதாவது ஐந்து வரிகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் நோக்கப் பத்தியின் எந்தச் சொல்லின் கீழ் கொண்டுவர முடியும் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வரிதான் அடுத்த கூட்டத்தில் உங்கள் முதல் கேள்வி.

அதே ஆவணத்தில் கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும், புதியவரை யார் நியமிக்கலாம், பதவிக்காலம் எவ்வளவு, குழு உறுப்பினருக்குச் சம்பளம் தரலாமா, அமைப்பு மூடப்பட்டால் சொத்து யாருக்குப் போகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தொண்டு அமைப்பின் பணத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொதுவாக வந்தது, அமைப்பின் நோக்கத்துக்குள் எதற்கும் செலவழிக்கலாம். மற்றொன்று ஒரு காரியத்துக்கென்றே கொடுத்தது: கட்டடத்துக்கு, மருந்துக்கு, குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கு. புதியவர்கள் வங்கி இருப்பைப் பார்த்து "நிறையப் பணம் இருக்கிறதே" என்பார்கள். அதில் பெரும்பகுதி கட்டடத்துக்கென்று வந்ததாக இருக்கலாம். அதிலிருந்து சம்பளம் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் நிரப்பிக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லா அமைப்பிலும் ஒருநாள் வரும். வரும்போது நீங்கள் மறுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து தொண்டு அமைப்புகள் சறுக்கத் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான். அடுத்த மாதம் நிரம்புவதில்லை.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கக் கணக்கு கேளுங்கள். திட்டமிட்ட வரவு, வந்த வரவு, திட்டமிட்ட செலவு, ஆன செலவு, வங்கி இருப்பு, அதில் குறிப்பிட்ட காரியத்துக்கென்று ஒதுங்கிய தொகை எவ்வளவு, கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு. முப்பது பக்க அறிக்கையைக் கூட்டத்தன்று கையில் கொடுத்து "ஒப்புதலா?" என்று கேட்டால் அதை ஏற்க வேண்டாம். ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்லுங்கள்.

வருடத்தில் ஒருமுறையாவது வங்கிச் சரிகட்டலை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் வங்கிக் கணக்கு அறிக்கை, மறுபக்கம் அமைப்பின் ரொக்கப் புத்தகம். இரண்டின் மாதக்கடைசி இருப்பையும் எடுங்கள். வித்தியாசம் இருக்கும், அது இயல்பு. கொடுத்த காசோலை வங்கிக்குப் போகாமல் இருக்கலாம். அந்த வித்தியாசம் எந்தெந்த வரியால் வந்தது என்று ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். ஆறு மாதமாக வங்கிக்கே போகாத காசோலை ஒன்று அதில் தட்டுப்பட்டால் யார் பெயரில் எழுதியது, அவர் கையில் கிடைத்ததா என்று கேளுங்கள். ஒரு மணி நேர வேலைதான். இதைச் செய்ய ஆடிட்டராக இருக்க வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். பணம் வாங்குகிறவர், கணக்கு எழுதுகிறவர், வங்கியோடு ஒத்துப் பார்க்கிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஆள் குறைவான அமைப்பில் கடைசி வேலையைக் குழுவில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெற்றுக் காசோலைக்கு இப்போது புது வடிவம் வந்திருக்கிறது. இணைய வங்கிக் கடவுச்சொல்லும் ஓடிபி வரும் கைபேசியும் ஒரே ஊழியரிடம் இருக்கும். ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் தன் கைபேசியிலிருந்து அனுமதிக்கும் ஏற்பாட்டைப் பல வங்கிகள் தருகின்றன. கேட்டு வாங்குங்கள்.

கையிருப்பு: அதிகமும் ஆபத்து, குறைவும் ஆபத்து

சிங்கப்பூரின் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைச் செயல் அதிகாரியின் அலுவலகக் குளியலறையில் தங்க முலாம் பூசிய குழாய் இருந்ததாக 2004-ல் நாளிதழ் ஒன்று எழுதியது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2005 ஜூலையில் நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் அவருடைய ஆண்டு வருமானம் சுமார் 6 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி என்பது வெளிவந்தது. கையிருப்பு சுமார் 3 ஆண்டுகளுக்குத்தான் வரும் என்று மக்களிடம் சொல்லி நன்கொடை கேட்டிருந்தார்கள். டயாலிசிஸ் செலவை வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 30 ஆண்டுகளுக்கு வரும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. வழக்கு கைவிடப்பட்டது, நிர்வாகக் குழு மொத்தமாக விலகியது, மாதாமாதம் கொடுத்துவந்தவர்கள் ஆயிரக்கணக்கில் நிறுத்தினார்கள். பொய்யான பில் ஒன்று தொடர்பான வழக்கில் 2007-ல் அவருக்கு 3 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் எல்லாருக்கும் குழாய்தான் நினைவிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் வந்த விசாரணை அறிக்கை காட்டிய வேறொரு விஷயம்: குழு தன் அதிகாரத்தைச் செயற்குழுவிடம் கொடுத்தது, செயற்குழு அதை அதிகாரியிடம் கொடுத்தது. படிப்படியாக, முறைப்படி, தீர்மானம் போட்டே கொடுத்தார்கள். கடைசியில் அவரிடம் கேள்வி கேட்கும் அதிகாரம் யார் கையிலும் மிச்சமில்லை.

இதற்கு நேர்மாறானது லண்டனின் கிட்ஸ் கம்பெனி. 1996-ல் தொடங்கி, புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளுக்காக உழைத்த அமைப்பு. வந்த பணம் அவ்வப்போது செலவாகிக்கொண்டே இருந்தது, சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. 2015 ஜூலைக் கடைசியில் அரசு 30 லட்சம் பவுண்ட் கொடுத்தது. ஆகஸ்ட் 5-ல் அமைப்பு மூடப்பட்டது. மறுநாள் அந்தக் குழந்தைகளுக்குப் போக இடமில்லை. நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021-ல் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. ஆனால் கடன்காரர்களுக்கும் வரித் துறைக்கும் உரிய நேரத்தில் பணம் கட்டத் திரும்பத் திரும்பத் தவறியது நிர்வாகக் குறைபாடு என்று 2022-ல் தொண்டு ஆணையம் சொன்னது.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது கையிருப்புக் கொள்கை என்று ஒரு பக்கம் எழுதி வைப்பது. நாளையே வரவு நின்றால் எத்தனை மாதம் பணியைத் தொடர வேண்டும், ஊழியருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து ஒழுங்காக மூட எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதற்குக் கீழே போனால் என்ன செய்வோம், மேலே போனால் எதற்குச் செலவழிப்போம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வருடம் ஒருமுறை திருத்துங்கள். நன்கொடையாளர் கேட்டால் காட்டக்கூடியதாக அது இருக்கட்டும்.

சொந்த நலன் குறுக்கிடும்போது

உங்கள் தம்பியின் அச்சகத்தில் அமைப்பின் ஆண்டு மலரை அச்சடிக்கலாமா? அவர் குறைந்த விலைக்கே தரலாம். அப்படியும் நீங்கள் அதை முடிவு செய்யும் மேஜையில் இருக்கக் கூடாது. வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் தனக்கும் குடும்பத்துக்கும் உள்ள தொழில், பங்கு, மற்ற அமைப்புகளில் வகிக்கும் பதவி ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் முதல் பொருளாக "இன்றைய விஷயங்களில் யாருக்காவது தொடர்பு உண்டா?" என்று தலைவர் கேட்க வேண்டும்.

கூட்டக் குறிப்பில் இதை எழுதும் விதமும் முக்கியம். "அச்சுப் பணி குறித்து விவாதிக்கப்பட்டு ஒப்புதல் அளிக்கப்பட்டது" என்று எழுதினால் பின்னாளில் ஒன்றும் விளங்காது. இப்படி எழுதுங்கள்: "மூன்று அச்சகங்களிடமிருந்து விலைப்புள்ளி பெறப்பட்டது. இரண்டாவது அச்சகம் தன் சகோதரருடையது என்று செயலாளர் தெரிவித்து அறையை விட்டு வெளியேறினார். மற்ற ஐவரும் மூன்றையும் ஒப்பிட்டு, குறைந்த விலையும் தரமான மாதிரியும் தந்த முதல் அச்சகத்தைத் தேர்ந்தெடுத்தனர். பிறகு செயலாளர் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்." ஐந்து வருடம் கழித்து முன்பின் தெரியாத ஒரு விசாரணை அதிகாரி இதைப் படித்தாலும் நடந்தது புரியும்.

தோற்றுவித்தவரும் குழுவும்

தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் ஒருவருடைய கண்ணீரிலிருந்து பிறக்கின்றன. தன் வீட்டை அடகு வைத்துத் தொடங்கியவரைப் பார்த்து "இந்தப் பில்லுக்கு ரசீது எங்கே?" என்று கேட்க நாக்கு எழாது. புதியவருக்கு இதுதான் மிகக் கடினமான கட்டம் என்று நினைக்கிறேன்.

கேள்வியை வழக்கமாக்கிவிட்டால் அது யார் மேலும் சந்தேகமாக இருக்காது. தலைமை நிர்வாகியின் சம்பளத்தையும் பயணச் செலவையும் அவர் இல்லாதபோது குழு முடிவு செய்வது, எந்தத் தொகைக்கு மேல் குழு ஒப்புதல் வேண்டும் என்று எழுதி வைப்பது, கொடுத்த அதிகாரங்களை வருடம் ஒருமுறை எடுத்துப் பார்த்து வேண்டாததைத் திரும்பப் பெறுவது, தலைவருக்கும் பொருளாளருக்கும் பதவிக்கால வரம்பு வைப்பது. இவை எல்லாருக்கும் பொது என்று ஆகிவிட்டால், தோற்றுவித்தவரையும் நாளை எழும் வீண்பழியிலிருந்து இவை காப்பாற்றும். இதை அவரிடமே நேரில், அன்பாகச் சொல்லுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் பணியாற்றிய, பிரிட்டனைச் சேர்ந்த உதவி அமைப்பான ஆக்ஸ்ஃபாமின் ஊழியர்கள் சிலர் பாலியல் ஒழுங்கீனத்தில் ஈடுபட்டார்கள். 2011-ல் அமைப்பு விசாரித்தது, சிலர் வெளியேறினார்கள். ஆனால் அன்று அங்குள்ள தொண்டு ஆணையத்திடம் முழு விவரம் சொல்லப்படவில்லை. 2018 பிப்ரவரியில் அது பத்திரிகையில் வெளிவந்தபோது சில நாட்களிலேயே சுமார் 7,000 வழக்கமான நன்கொடையாளர்கள் விலகினார்கள். 2019-ல் ஆணையம் அதிகாரபூர்வ எச்சரிக்கை விடுத்தது. நடந்த தவறோடு, அதை முழுதாகச் சொல்லாமல் விட்டதும் சேர்ந்துதான் அமைப்பைத் திருப்பி அடித்தது.

குழந்தைகள், நோயாளிகள், முதியவர்களோடு வேலை செய்யும் அமைப்பு என்றால் ஊழியரைச் சேர்க்கும்போதே பழைய இடத்தில் விசாரியுங்கள். உதவி பெறுகிறவர் புகார் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும், அந்தப் புகார் யாரைப் பற்றியதோ அவர் கைக்கே முதலில் போய்ச் சேரக் கூடாது. குழு உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி எண்ணை உதவி பெறுகிறவர்கள் பார்க்கும் இடத்தில், அவர்கள் மொழியில் ஒட்டி வையுங்கள். புகார் வந்தால் முதலில் பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பு, அடுத்து காவல்துறை, பிறகு உங்கள் நாட்டு விதிப்படி ஒழுங்குமுறை அமைப்புக்குத் தகவல். "நிறுவனத்தின் பெயர் கெடும்" என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லையும் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு மாறிவிடும்.

வெளியே சொல்வது

தணிக்கைக் கணக்கை இணையதளத்தில் போடுங்கள். யார் குழுவில் இருக்கிறார்கள், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பதை இரண்டு பக்கத்தில் எளிய மொழியில் எழுதுங்கள். நடக்காததையும் எழுதும் அமைப்பை மக்கள் நம்புகிறார்கள், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நிர்வாகச் செலவை மறைக்க வேண்டாம். "ஒவ்வொரு ரூபாயும் நேராகப் பயனாளிக்கே" என்று எழுதுகிற அமைப்பில் கணக்கு எழுதுகிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? தொண்டு அமைப்புகளை மதிப்பிடும் மூன்று அமெரிக்க நிறுவனங்கள் 2013-ல் நன்கொடையாளர்களுக்குச் சேர்ந்து கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடை போடாதீர்கள் என்பதே அதன் சாரம். சட்ட வரம்பு இருக்கும் இடங்களில் அதை மீறக் கூடாது. உதாரணமாக இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையிலிருந்து நிர்வாகத்துக்குச் செலவிடும் வரம்பை 2020-ல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். வரம்புக்குள் ஆகிற செலவை, இது எதற்காக என்று தைரியமாகச் சொல்லலாம்.

உடன்பட முடியாதபோது

எல்லாம் செய்தும் குழு கேட்காமல் போகலாம். அப்போது வாய்மொழியாக முணுமுணுத்துவிட்டு வாக்கில் சேர்ந்துகொள்ளாதீர்கள். உங்கள் எதிர்ப்பையும் காரணத்தையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்படும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். சட்ட மீறல் என்றால் விலகுவது மட்டும் போதாது, உரிய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

விலகுவது என்று முடிவு செய்தால் தேதியிட்ட கடிதம் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வங்கியில் கையெழுத்து உரிமையிலிருந்து உங்கள் பெயரை நீக்கியதை வங்கியிடமிருந்தே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் நீங்கிவிட்டதா என்று ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். கையிலுள்ள கோப்புகளையும் சாவிகளையும் பட்டியல் போட்டு, அடுத்து வருகிறவரிடம் நேரில் ஒப்படையுங்கள். முடிந்தால் அலமாரியைத் திறந்து காட்டுங்கள்.